வேலை நின்றபின் கைக்கு வரும் பணம்

தோட்டம் கைமாறிப் பால்வெட்டு நின்று, வேலை நீக்கக் கடிதம் வரும் நாளில் எந்தக் குடும்பமும் கலங்கவே செய்யும். எனினும் எதிலும் கையொப்பமிடுமுன் படித்துப் பார்த்தல் வேண்டும். தாமே விலகுவதாக எழுதிக் கொடுத்தவருக்கு ஆள்குறைப்பு நட்ட ஈடு கிடையாது.

தீபகற்ப மலேசியாவில் 1980ஆம் ஆண்டு விதிகளின்படி, ஓராண்டேனும் தொடர்ந்து வேலை செய்தவர் இதற்கு உரியவர். சேவை இரண்டாண்டுக்குக் குறைவாயின் ஆண்டொன்றுக்கு 10 நாள் சம்பளம். ஐந்தாண்டுக்குக் குறைவாயின் 15 நாள். ஐந்தும் அதற்கு மேலுமாயின் 20 நாள். பன்னிரண்டு ஆண்டு பால் வெட்டியவருக்கு 240 நாள் சம்பளம் வரும். நாட்சம்பளம் கடைசி 12 மாதச் சராசரியாதலால், சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். அவற்றில் பலகாரம் மடிக்கும் வீடுகளையும் நாம் அறிவோம்! வேலை நின்ற 7 நாள்களுக்குள் பணம் வராவிடில் தொழிலாளர் இலாகாவில் முறையிடலாம்.

இத்தொகை ஏறத்தாழ எட்டு மாதச் சம்பளமே. ஆனால் எட்டு மாதப் பிழைப்பு அன்று. லயத்து வீட்டை விட்டால் வாடகை புதிதாக வந்து சேரும். ஆகவே மோட்டார் சைக்கிளும் புது நகையும் இப்போது வேண்டா. வட்டி ஏறும் கடனை முதலில் அடைத்து, மீதியை வங்கியிலிட்டு, மாதம் ஒருமுறை மட்டும், பழைய சம்பளத்திற்குக் குறைவாகவே எடுத்து, இல்லத்தரசியிடம் கொடுங்கள்.

இதுவன்றி, 2018இல் தொடங்கிய வேலைக் காப்புறுதித் திட்டத்தில் சந்தா செலுத்தியோர், வேலை இழந்த 60 நாள்களுக்குள் சொக்சோவில் மனுச் செய்தல் வேண்டும். செல்லும்போது அடையாள கார்டு, வேலை நீக்கக் கடிதம், சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.