முகடு கண்ட தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

நீ அனுப்பிய நியூட்ரான் விண்மீனின் திறன் நிறமாலை வந்து சேர்ந்தது. 600 ஹெர்ட்ஸ் அருகே முகடு ஒன்று எழுந்திருக்கிறது. "விண்மீனின் சுழற்சிதானே அக்கா?" என்று கேட்டிருக்கிறாய். இருக்கலாம். அதை முடிவு செய்யுமுன் ஒளிவளைவைத் திறந்து நிதானமாகப் பார். துணை விண்மீனிலிருந்து வந்து குவிந்த ஹைட்ரஜனும் ஹீலியமும் நியூட்ரான் விண்மீனின் பரப்பில் திடீரெனப் பற்றி எரியும்போது எக்ஸ் கதிர் ஓரிரு நொடியில் எகிறும், பல நொடிகளில் தணியும். அப்படி ஏதும் இருந்தால் அந்த நொடிகளை மட்டும் தனியே ஆராய். 1996இல் 4யு 1728-34 என்ற நியூட்ரான் விண்மீனின் 363 ஹெர்ட்ஸ் துடிப்பு அத்தகைய வெடிப்புகளுக்குள்தான் அகப்பட்டது.

சுற்றுப்பாதையையும் மறக்காதே. சாக்ஸ் ஜே1808 என்ற நியூட்ரான் விண்மீனை எடுத்துக்கொள். அது நொடிக்கு 401 முறை சுழல்கிறது என்பதை 1998இல் ஆர்எக்ஸ்டிஇ செயற்கைக்கோளின் தரவில் ரூடி வைநான்ட்ஸும் மிகீல் வான் டெர் கிளிஸும் கண்டார்கள். துணையோடு ஒருமுறை சுற்றிவர அதற்கு ஏறக்குறைய 2 மணி நேரம் ஆகிறது. அந்தச் சுற்றில் துடிப்புகள் 63 மில்லிநொடி வரை முந்தியும் பிந்தியும் நம்மை அடைகின்றன. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடைவெளியோ வெறும் 2.5 மில்லிநொடி! இதைத் திருத்தாமல் மணிக்கணக்கான தரவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், மேடும் பள்ளமும் கலந்து துடிப்பே அழிந்துபோகும். இவ்வளவு நுட்பமான கடிகாரம் கண்ணெதிரே இருந்தும் கணக்கில் தொலைந்துபோவதை நினைத்தால் எனக்கு இன்றும் பதைப்பாக இருக்கிறது. நீளமான தரவை நம்பாதே. சிறு துண்டுகளாக்கித் தேடு.

கருவியையும் சந்தேகி. ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் லாக்ஸ்பிசி எக்ஸ் கதிர்க் கருவி ஒரு ஃபோட்டானைப் பதிந்த பிறகு சில பத்து மைக்ரோநொடிகளுக்கு அடுத்ததைப் பார்க்காது. ஒளி மிகுந்த மூலங்களில் இந்த இடைவெளி இரைச்சலின் மட்டத்தையே கீழே இழுத்துவிடும். எத்தனை அலைவெண்களில் தேடினாய் என்பதையும் எழுதி வை. லட்சம் இடங்களில் தேடினால், லட்சத்தில் ஒன்றாக வரக்கூடிய முகடு எங்காவது தற்செயலாக எழத்தான் செய்யும்.

இத்தனைக்கும் பிறகு முகடு நின்றால் அதன் அகலத்தை அள. சுழற்சி என்றால் ஊசிபோல் ஒடுங்கி, ஒரே இடத்தில் நிற்கும். அகன்று, ஒளி கூடும்போதும் குறையும்போதும் நகர்ந்தால் அது பெரும்பாலும் பொருள் விழும் வட்டின் உள்விளிம்பிலிருந்து வருவது. அதுவும் பெரிய செய்திதான். விண்மீனை ஒட்டிய கடைசிச் சில கிலோமீட்டர்களைப் பற்றிப் பேசுகிறது. தரவை ஒளி அளவின்படி நான்காகப் பிரித்து, முகடு எந்தப் பகுதியில் எங்கே நிற்கிறது என்று வரைந்து அனுப்பு.

அன்புடன்,
அக்கா