எஸ்ஏஆர் 21: கண் புள்ளியைத் தேடக் கூடாது

ஆங் மோ கியோ எலக்ட்ரானிக்ஸ் பார்க் சாலையில் எஸ்டி எஞ்சினியரிங் தலைமையகம் இருக்கிறது. தேசிய சேவைக்குப் போகும் நம் பிள்ளைகள் ஏந்தும் எஸ்ஏஆர் 21 துப்பாக்கி அந்தக் குழுமத்தின் தயாரிப்பு. 1999ல் எம்16எஸ்1க்கு மாற்றாக வந்தது. ஸ்டாக்கையும் குறிநோக்கியையும் பற்றிய இந்தக் குறிப்புகள் சேவையில் சேரவிருக்கும் தம்பிகளுக்கானவை. இணையத்தில் ரெட் டாட் (செம்புள்ளிக் குறிநோக்கி) அல்லது ஸ்டாக் (தோளில் பதியும் பின்பகுதி) வாங்கிப் பார்க்கலாம் என்று மட்டும் இறங்கிவிடாதீர்கள். சிங்கப்பூரில் துப்பாக்கியும் அதன் பாகங்களும் கடுமையான உரிமச் சட்டத்துக்கு உட்பட்டவை. ஆர்ம்ஸ்கோட்டில் (ஆயுதக் கிடங்கில்) கொடுத்த துப்பாக்கியிலும் அனுமதியின்றி ஒரு திருகைக்கூடத் தொடக் கூடாது.

முதல் வேலை எப்போதும் ஒன்றே: மேகசினைக் கழற்றி, அறையைத் திறந்து, குண்டு இல்லை என்று கண்ணாலேயே பார்ப்பது.

அடுத்தது ஸ்டாக். குறிநோக்கியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. பாதிப் பிழை இங்கேதான் பிறக்கிறது என்பேன். எம்4 போன்ற கார்பைனில் ஸ்டாக்கை நீட்டிச் சுருக்கலாம். குண்டுகாப்புச் சட்டை தடிமனாக இருந்தால் சுருக்க வேண்டும், நெடிய கை என்றால் நீட்ட வேண்டும். எஸ்ஏஆர் 21 புல்பப் வகை. மேகசினும் இயங்கு பகுதியும் பிடிக்குப் பின்னால் இருப்பதால் மொத்த நீளம் 805 மில்லிமீட்டர்தான். ஆனால் ஸ்டாக் மாறாது, நாம்தான் மாற வேண்டும். கை குட்டையென்றால் உடலை இலக்குக்கு நேராகத் திருப்பி நில்லுங்கள்.

சோதனை இது. கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் பதித்து, கன்னத்தை இயல்பாகச் சாய்த்து வையுங்கள். கண்ணைத் திறந்ததும் குறிநோக்கியின் நடுவே பார்வை விழ வேண்டும். கழுத்தை நீட்டியோ தலையைத் தூக்கியோ தேடினால் பிடிப்பு தவறு, முதலிலிருந்து தொடங்குங்கள். எஸ்ஏஆர் 21இன் வழக்கமான 1.5 மடங்கு ஸ்கோப்பில் கண்ணின் தூரமும் முக்கியம். ரெட் டாட்டில் அந்தக் கட்டுப்பாடு இல்லை.

ரெட் டாட் பொருத்துவதற்கென மேலே ரெயில் உள்ள எம்எம்எஸ் வகை உண்டு. எந்தத் துப்பாக்கியானாலும், சுடச்சுடச் சூடேறி அசையும் முன்கைப்பிடியின் மேல் வேண்டாம்; உறுதியான உடற்பகுதியின் ரெயிலில் வையுங்கள். அனுமதி பெற்ற பிறகு, திருகுகளின் எண்ணெயைத் துடைத்து, குறிநோக்கியைக் குழலின் முனைப்பக்கம் தள்ளிப் பிடித்தபடி, கையேடு சொல்லும் அளவுக்கு மாற்றி மாற்றி முறுக்குங்கள். பிறகு திருகின் மேலும் அடிப்பாகத்திலும் சேர்த்து ஒரு வண்ணக் கோடு. கோடு பிசகினால் திருகு தளர்ந்துவிட்டது என்று தெரிந்துவிடும்.

புள்ளியின் வெளிச்சத்தைக் குறைத்தே வையுங்கள். பளீரென்ற புள்ளி இலக்கை மறைத்துவிடும். கண்ணாடி போடுபவர்கள் நம்மில் ஏராளம். புள்ளி நட்சத்திரம்போலச் சிதறித் தெரிந்தால் உடனே குறிநோக்கியைக் குறை சொல்லாதீர்கள். அதன் வழியே தெரியும் புள்ளியைக் கைப்பேசியில் படமெடுங்கள். படத்தில் புள்ளி வட்டமாக இருந்தால் உங்களுக்கு அஸ்டிக்மேட்டிசம் இருக்கலாம். கண் மருத்துவரைப் பாருங்கள்.

கடைசியாக ஸீரோ செய்வது, அதாவது குறிநோக்கி காட்டும் இடத்தில் குண்டு விழும்படி சரிசெய்வது. பயிற்றுநர் முன்னிலையில், 25 மீட்டரில், படுத்து, மணல்மூட்டையில் ஊன்றி ஐந்து குண்டுகள். விலகிப் போன ஒற்றைக் குண்டை நம்பித் திருகைத் திருப்ப வேண்டாம், குண்டுத் துளைகளின் கூட்டத்தின் நடுவை எடுங்கள். பல ரெட் டாட்களில் ஒரு கிளிக் அரை நிமிடக் கோணம். அது 100 மீட்டரில் ஏறக்குறைய 1.5 சென்டிமீட்டர், 25 மீட்டரில் 3.6 மில்லிமீட்டர். கூட்டம் 36 மில்லிமீட்டர் இடப்பக்கம் விழுந்தால் வலப்பக்கம் பத்து கிளிக். மறுபடி ஐந்து சுட்டுச் சரிபாருங்கள். துப்பாக்கி கீழே விழுந்தாலும், குறிநோக்கியைக் கழற்றி மாட்டினாலும், இந்த வேலை முழுவதும் மீண்டும் ஒருமுறை.