முதல்ல மாத்திரை... அப்புறம்தான் காபி!

தைராய்டு குறைவாக இருப்பவர்கள் எடையைக் குறைக்க முடியுமா?

சித்திரை வெயிலில் திருச்சியே கொதிக்கிறது. ஊரே விசிறியும் கையுமாக இருக்கும்போது, வீட்டில் ஒருத்தர் மட்டும் "ஃபேனைக் கொஞ்சம் குறைங்களேன், குளிர்றது" என்கிறாரா? தலை வாரினால் சீப்பு நிறைய முடி வருகிறதா? மலச்சிக்கல், முகத்தில் வீக்கம், காலையில் எழுந்திருக்கும்போதே களைப்பு... எல்லாவற்றுக்கும் மேலே, "ரெண்டு இட்லிதான் சாப்பிடறேன், ஆனாலும் எடை ஏறிண்டே போறதே!" என்ற புலம்பலா?

உடனே "சோம்பேறி" என்று பட்டம் கட்டிவிடாதீர்கள். கழுத்தில் இருக்கும் ஒரு சின்னச் சுரப்பி வேலைநிறுத்தம் செய்துகொண்டிருக்கலாம்!

இது அபூர்வமான வியாதி இல்லை. சென்னை உட்பட எட்டு இந்திய நகரங்களில் நடந்து, 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், பரிசோதித்த பெரியவர்களில் ஏறக்குறைய 11 சதவிகிதம் பேருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம் வருகிறது. பிரசவத்துக்குப் பிறகும், மாதவிலக்கு நிற்கும் வயதிலும் ரொம்பவே கவனமாக இருக்க வேண்டும்.

அடுப்பு சிம்மில் எரிந்தால்...

தைராய்டு, வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் குரல்வளைக்குக் கீழே இருக்கிறது. எடை 15 முதல் 25 கிராம்தான். ஆனால் உடம்பு எவ்வளவு வேகமாகச் சக்தியைச் செலவழிக்க வேண்டும் என்று தீர்மானிப்பது இதுதான். சமையலறை பாஷையில் சொன்னால், கேஸ் அடுப்பின் திருகு மாதிரி. சுரப்பு குறைந்தால் அடுப்பு சிம்மில் எரிகிறது. இதயம் மெதுவாகத் துடிக்கிறது, குடல் மெதுவாக நகர்கிறது, கொலஸ்ட்ரால் ஏறுகிறது.

மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிதான் இதற்கு மேஸ்திரி. தைராய்டு வேலை செய்யவில்லை என்றால், டி.எஸ்.எச். என்ற ஹார்மோனை அதிகமாக அனுப்பி விரட்டுகிறது. அதனால்தான் ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். அதிகமாக இருந்தால் தைராய்டு குறைவு என்கிறார் டாக்டர். 'எண் அதிகமா இருக்கு, அப்ப தைராய்டு அதிகமா?' என்று பலர் குழம்புவது இங்கேதான். பொதுவாக 0.4 முதல் 4 வரை சரியான அளவு. லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும்.

எத்தனை கிலோவுக்குத் தைராய்டு பொறுப்பு?

இதை மனசில் வாங்கிக்கொண்டால் பாதி ஏமாற்றம் குறையும். தைராய்டு குறைவால் மட்டும் ஏறும் எடை பெரும்பாலும் 2 முதல் 5 கிலோ. அதிலும் பெரும்பகுதி கொழுப்பு இல்லை. உடம்பில் தேங்கிய உப்பும் தண்ணீரும்தான்!

ஓர் உதாரணம் பார்ப்போம். ஸ்ரீரங்கத்து மாமி ஒருவர் கல்யாணத்தின்போது 52 கிலோ, இப்போது 76 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஏறியது 24 கிலோ. அதில் தைராய்டு பதில் சொல்ல வேண்டியது நாலைந்து கிலோவுக்குத்தான். மிச்சம் இருபது கிலோவுக்கும் சாப்பாடு, உட்கார்ந்தே இருப்பது, பிரசவங்கள், வயது, தூக்கக் குறைவு எல்லாம் பங்காளிகள்.

"அப்படின்னா மாத்திரை போட்டும் எடை குறையலையே?" என்ற கேள்விக்கு இதுதான் பதில். மாத்திரை, திருகைச் சரியான இடத்தில் வைக்கிறது. அடுப்பில் என்ன வைக்கிறோம் என்பது நம் கையில்தான்!

மாத்திரையும் காபியும்

1891-ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற டாக்டர், ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி மூலம் ஏற்றி ஒரு பெண்மணியைக் குணப்படுத்தினார். அந்த அம்மாள் அதன் பிறகு 28 வருடம் வாழ்ந்தார்! இன்று அதே வேலையை லெவோதைராக்ஸின் என்ற சின்ன மாத்திரை செய்கிறது. ஆனால் அதைச் சாப்பிடும் விதத்தில்தான் நம் வீடுகளில் கோட்டை விடுகிறோம்.

காரணம் யார்? சாட்சாத் ஃபில்டர் காபி!

டிகாக்ஷன் இறங்கும் வாசனையிலேயே கண் விழிக்கிற ஊர் நம்முடையது. மாத்திரையை வாயில் போட்டு, காபியால் விழுங்கினால் மருந்து சரியாக உடம்பில் சேராது. மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டும் டி.எஸ்.எச். இறங்கவில்லை என்றால், டோஸை ஏற்றுவதற்கு முன் காபியைச் சந்தேகப்படுங்கள்.

* எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் மாத்திரை. காபியும் டிபனும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து.

* இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். அவற்றை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்வது சுலபம்.

* ஏகாதசி விரதமா? டாக்டர் சொன்ன மாத்திரையைத் தண்ணீரில் போட்டுக்கொள்ளலாம். நிர்ஜலமாக இருப்பவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். துவாதசிப் பாரணைக்கு அகத்திக்கீரை உண்டு. அதில் சுண்ணாம்புச்சத்து அதிகம். அதனால் பாரணைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே மாத்திரை இறங்கிவிடட்டும்.

* மாத்திரைப் புட்டியை அடுப்படி ஷெல்ஃபில் வைக்காதீர்கள். சூடும் ஈரமும் மருந்தின் வீரியத்தைக் குறைத்துவிடும்.

* ஆரம்பித்த 6 முதல் 8 வாரத்தில் மறுபடி ரத்தப் பரிசோதனை. அதற்கு முன் "பலனே தெரியலை" என்று டாக்டரை மாற்றாதீர்கள். இந்த மருந்து நிதானமாகத்தான் வேலை செய்யும்.

தட்டில் என்ன கணக்கு?

பட்டினி வேண்டாம். ஏற்கெனவே சிம்மில் இருக்கும் உடம்பு, பட்டினி போட்டால் இன்னும் சிக்கனமாகிவிடும். தசையும் கரையும். தினமும் 500 கலோரியைக் குறைத்தால் போதும். வாரத்துக்குச் சுமார் அரை கிலோ இறங்க வாய்ப்பு உண்டு.

எங்கே குறைப்பது? முதலில் டம்ளர். ஒரு நாளைக்கு நாலு காபி, ஒவ்வொன்றிலும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால், சர்க்கரை மட்டுமே 160 கலோரி! ரெண்டு காபி, அரை ஸ்பூன் சர்க்கரை என்று மாற்றினால் 140 கலோரி மிச்சம்.

அடுத்தது எண்ணெய்த் தூக்கு. ஒருவருக்கு மாதம் அரை லிட்டர், அதாவது நாளைக்கு 3 டீஸ்பூன். நாலு பேர் வீட்டுக்கு 2 லிட்டருக்கு மேல் வாங்காதீர்கள். தீர்ந்து போனால் அடுத்த மாதம்தான்!

மூன்றாவது சாதம். நிறுத்த வேண்டாம், அளந்து போடுங்கள். வழக்கமாகச் சாதம் எடுத்துக்கொள்ளும் அளவுக்குக் காய்கறியும், காய் எடுத்துக்கொள்ளும் அளவுக்குச் சாதமும் என்று இடத்தை மாற்றிப் போடுங்கள். காந்தி மார்க்கெட்டில் கிடைக்காத காயா? அவரை, கொத்தவரை, வாழைத்தண்டு, வாழைப்பூ, புடலை... நார்ச்சத்து மலச்சிக்கலுக்கும் மருந்து.

மாதிரிக்கு ஒரு நாள்:

காலை 5.30 - மாத்திரை, தண்ணீர்.
6.30 - காபி, அரை ஸ்பூன் சர்க்கரை.
8.30 - இட்லி 3, காய் போட்ட சாம்பார் நிறைய.
11.00 - நீர் மோர்.
1.00 - ஒரு கப் சாதம், பருப்பு, கூட்டு, பொரியல், ரசம், மோர்.
4.30 - ஒரு கப் சுண்டல் அல்லது ஒரு கொய்யாப்பழம்.
7.30 - சப்பாத்தி 2, பாசிப்பருப்பு டால். அல்லது காய்கறி போட்ட கோதுமை ரவை உப்புமா.

அசைவக்காரர்கள் முட்டை, மீன் சேர்க்கலாம். பொரிக்காமல்! அக்காரவடிசலும் புளியோதரையும் பிரசாதம். கையளவு வாங்கிக்கொண்டால் பிரசாதம், தொன்னை தொன்னையாகச் சாப்பிட்டால் அது சாப்பாட்டுக் கணக்கில் வந்துவிடும். சர்க்கரை வியாதி, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்தப் பட்டியலை டாக்டரிடம் காட்டி மாற்றிக்கொள்ளவும்.

வீதியே மைதானம்

ஸ்ரீரங்கவாசிகளுக்கு ஒரு பாக்கியம். கோயிலைச் சுற்றி உத்திர வீதி, சித்திரை வீதி, அடையவளஞ்சான் வீதி என்று ஒன்றைவிட ஒன்று பெரிதாகச் சுற்றுகள். படிப்படியாக நடையைக் கூட்ட இதைவிட நல்ல ஏற்பாடு உண்டா?

முதல் இரண்டு வாரம் உத்திர வீதியில் மெதுவாக ஒரு சுற்று. அடுத்த இரண்டு வாரம் சித்திரை வீதி. உடம்பு ஒத்துழைத்தால் பிறகு அடையவளஞ்சான். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது... அதுதான் சரியான வேகம். திருச்சிக்காரர்களுக்கு அண்ணா விளையாட்டரங்கம் இருக்கிறது. வீட்டு மொட்டை மாடியும் போதும். வாரத்துக்கு மொத்தம் 150 நிமிடம் இலக்கு. வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள்.

தைராய்டு குறைவில் தசை பிடிப்பும் மூட்டு வலியும் சகஜம். மாத்திரை வேலை செய்ய ஆரம்பிக்கும் முன்பே "ஒரே மாசத்துல குறைச்சுக் காட்டறேன்" என்று உச்சிப் பிள்ளையார் கோயிலின் நானூறுக்கும் மேற்பட்ட படிகளை ஓட்டமாக ஏறாதீர்கள். இதயக் கோளாறு உள்ளவர்களும், நடக்கும்போது நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வருபவர்களும் டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடங்கக்கூடாது.

வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள். நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது 10 தடவை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது 10 தடவை. ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: அரை மணி நேர வேக நடையில் செலவாவது 120 முதல் 150 கலோரிதான். திரும்பும் வழியில் ஒரு மெதுவடையும் காபியும் உள்ளே போனால் கணக்கு நேராகிவிடும்!

அடிக்கடி வரும் சந்தேகங்கள்

முட்டைகோஸ், காலிஃப்ளவர் சாப்பிடலாமா?
சமைத்து, அளவாகச் சாப்பிட்டால் தாராளமாக. பச்சையாகத் தினமும் ஜூஸ் போட்டுக் குடிப்பதுதான் வேண்டாம்.

இந்துப்புக்கு மாறலாமா?
அதில் பொதுவாக அயோடின் சேர்ப்பதில்லை. அயோடின் உப்பையே பயன்படுத்துங்கள், அளவாக. அதற்காக அயோடின் மாத்திரைகளை நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். சிலருக்கு அது தைராய்டை இன்னும் கெடுக்கும்.

மாத்திரையை ரெண்டாகப் போட்டால் சீக்கிரம் மெலியலாமா?
கூடவே கூடாது! படபடப்பு, இதயத் துடிப்பில் தாறுமாறு, எலும்புத் தேய்மானம் என்று வம்பை விலைக்கு வாங்குவீர்கள். இது எடை குறைக்கும் மாத்திரையே இல்லை. அக்கம்பக்கத்தில் யாருக்கும் 'சாப்பிட்டுப் பாருங்கோ' என்று கொடுக்கவும் கூடாது.

டி.எஸ்.எச். நார்மலாகிவிட்டது. நிறுத்தலாமா?
நார்மலானதே மாத்திரையால்தான்! டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். கர்ப்பம் தரித்தால் உடனே டாக்டரிடம் போங்கள். டோஸை ஏற்ற வேண்டியிருக்கும். குழந்தையின் மூளை வளர்ச்சி சம்பந்தப்பட்ட விஷயம் இது.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை

76 கிலோவில் இருப்பவர் ஆறு மாதத்தில் 4 முதல் 7 கிலோ குறைத்தாலே பெரிய வெற்றி. மூட்டு, கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம் எல்லாமே பலன் பெறும். எடையை வாரம் ஒரே நாள், ஒரே நேரம் பாருங்கள். தினம் பார்த்து மனசை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

காலையில் முதல் ஆளாக எழுந்து எல்லோருக்கும் காபி கலந்து கொடுப்பவர்தான் பெரும்பாலும் இந்த நோயாளியும். அவர் மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருக்கும் அந்த ஒரு மணி நேரம், காபியை வேறு யாராவது கலக்கலாமே! சாயங்காலம் "வாயேன், ஒரு சுற்று போய்ட்டு வரலாம்" என்று கணவரோ மகளோ கூப்பிட்டால், செருப்பை மாட்டிக்கொள்ள அவருக்கு எவ்வளவு தெம்பாக இருக்கும்!