புது டர்போ மாட்டுவதற்கு முன்னால்

டர்போ தானாகச் சாவது அரிது. எண்ணெய் போதாமை, அழுக்கேறிய எண்ணெய், ஏர் ஃபில்டரைத் தாண்டிப் புகுந்த தூசி: பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான் அதைக் கொல்கிறது. காரணம் உள்ளேயே இருக்க, புது டர்போவை மாட்டினால் அதுவும் சீக்கிரமே போய்விடும். பழைய வண்டியாக நான் வாங்கிய டீசல் ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பில் இந்த வேலையைப் பார்த்தபோது தெரிந்துகொண்டவை இவை.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். மூன்றாவது கியரில் ஏறும் இடங்களில் வண்டி இரண்டாவது கேட்டது. மிதித்தால் சைரன் போல ஊளைச் சத்தம், பின்னால் நீலப் புகை.

"முதல்ல காத்து எங்க ஒழுகுதுன்னு பாத்துரலாங்க. டர்போவை அப்புறமா கழட்டலாம்" என்றார் பொள்ளாச்சி மெக்கானிக். அதுதான் சரியான வரிசை. இன்டர்கூலர் ஹோஸில் விரிசல், தளர்ந்த கிளாம்ப், அடைத்த ஏர் ஃபில்டர், ஆக்சுவேட்டருக்குப் போகும் வேக்குவம் குழாயில் ஓட்டை: இவை எல்லாமே பிக்கப்பைக் குறைக்கும். காற்று பற்றாவிட்டால் வருவது கறுப்புப் புகை. நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. இன்டர்கூலர் ஹோஸுக்குள் லேசான எண்ணெய்ப் பூச்சைக் கண்டு பயப்பட வேண்டாம்; அது இயல்பு. தேங்கி நின்றால்தான் கவலை.

பிறகு எஞ்சின் ஆறியதும், டர்போவுக்குள் காற்று நுழையும் ஹோஸைக் கழற்றி, உள்ளே தெரியும் டர்போ சக்கரத்தை விரலால் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சிறு ஆட்டம் இருக்கலாம். ஷாஃப்ட் எண்ணெய்ப் படலத்தில் மிதந்தபடி நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது. அதற்கு அந்த இடைவெளி வேண்டும். முன்னும் பின்னுமாக ஆடினாலோ, இறக்கைகள் கூட்டில் உரசினாலோ டர்போ முடிந்தது. என் வண்டியில் உரசிய தடம் கண்ணுக்கே தெரிந்தது.

காரணம், டர்போவுக்கு எண்ணெய் கொண்டுவரும் மெல்லிய பைப்பில் இருந்தது. எண்ணெய் கருகிக் கரியாக உறைந்து துவாரம் சுருங்கியிருந்தது. மலையேறிய சூட்டோடு எஞ்சினை அணைப்பதும், ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடுவதும் இந்தக் கரியை வளர்க்கும். அந்தப் பைப்பைக் கழுவிப் போடாதீர்கள், புதிதாக மாற்றுங்கள். எண்ணெய் திரும்பி இறங்கும் குழாயிலும் அடைப்பு இருக்கக் கூடாது.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை:

ஆயிலும் ஆயில் ஃபில்டரும் புதிதாக இருக்கட்டும். ஆயில் பைப் இணைப்புகளில் சிலிகான் பேஸ்ட் தடவ வேண்டாம்; பிதுங்கும் துணுக்கு வழியை அடைத்துவிடும். புது கேஸ்கெட் போதும்.

இன்டர்கூலரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். உள்ளே தங்கிய உலோகத் துகள் எஞ்சினுக்குள் போகும். தேங்கிய எண்ணெயை எஞ்சின் இழுத்தால் அதையே எரித்துக்கொண்டு தறிகெட்டு ஓடும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது.

டர்போவின் ஆயில் துவாரத்தில் சுத்தமான எண்ணெய் ஊற்றிச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். எரிபொருள் போகாதபடி செய்து, ஆயில் விளக்கு அணையும்வரை விட்டுவிட்டு செல்ஃப் அடியுங்கள். அதன்பின் ஸ்டார்ட் செய்து, சில நிமிடம் ஐடிலில் விட்டு ஒழுக்கு பாருங்கள். உடனே ரேஸ் கொடுத்தால், எண்ணெய் வந்து சேரும் முன்பே பேரிங் தேய்ந்துவிடும்.

ஆக்சுவேட்டரில் உள்ள செட்டிங் ஸ்குருவைத் திருகிப் பிக்கப் கூட்டித் தருவதாக யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள்.

இப்போதெல்லாம் மேடேறி நின்றால், ஓரிரு நிமிடம் ஐடிலில் விட்டுத்தான் அணைக்கிறேன். டர்போ விலைக்கு முன் ஆயில் பைப்பின் விலை சில்லறைதான். உங்கள் பில்லில் அந்தப் பைப் இல்லையென்றால், பணம் கட்டும் முன் ஏன் என்று கேளுங்கள்.