மூளைவாதப் பிள்ளைகளும் உடற் சமநிலையும்

நிமிர்ந்து உட்காருவதை நாம் ஒரு வேலையாகவே கருதுவதில்லை. ஆனால் தலையும் முதுகும் சரியாமல் இருக்க, மூளை ஓயாது தசைகளுக்குக் கட்டளை அனுப்பிக்கொண்டே இருக்கின்றது. கருவிலோ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்திலோ மூளையில் ஏற்படும் பாதிப்பால் இக்கட்டளைகள் பிசகும் நிலையே செரிபிரல் பால்சி என்னும் மூளைவாதம். லண்டன் வைத்தியர் வில்லியம் ஜோன் லிட்டில் 1862இல் வெளியான தமது ஆய்வில், குறைமாதப் பிறப்பும் பிறப்பு வேளை மூச்சுத்திணறலும் இதற்குக் காரணமாகலாம் என்று எடுத்துக்காட்டினார். கடுமையான மஞ்சட்காமாலையும் மூளைக்காய்ச்சலும் பிற காரணங்கள். இது தொற்றுநோயன்று, தாயின் பாவமுமன்று, முற்பிறவி வினையுமன்று.

சில பிள்ளைகளுக்குத் தசைகள் விறைத்து, கால்கள் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்ளும். சிலருக்குக் கைகால்கள் தாமாகவே அசையும். வேறு சிலர் நடக்கும்போது தள்ளாடுவர்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்:

1. எட்டு மாதமாகியும் தானாக உட்காராமை.
2. ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துதல்.
3. பதினெட்டு மாதமாகியும் நடவாமை.

இவற்றில் ஒன்று தென்பட்டாலும், "போகப் போகச் சரியாகும்" என்று காத்திராமல் குடும்பநல மாதுவிடம் சொல்லி, டிக்கோயா அல்லது நுவரெலியா அரசாங்க வைத்தியசாலையில் சிறுவர் வைத்திய நிபுணரிடம் காட்ட வேண்டும். ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்துடன் இணைந்த அயதி நிலையமும் இத்தகைய பிள்ளைகளுக்கென்றே இயங்குகின்றது.

தோட்டங்களில் தாய் விடியலில் கொழுந்தெடுக்கப் போய்விடுவாள். பிள்ளை லயத்து அறையில் நாள் முழுதும் மல்லாந்து கிடக்கும். கூரையை மட்டுமே பார்த்துக் கிடக்கும் பிள்ளைக்குத் தலையை நிறுத்தப் பழக வாய்ப்பேது? அசையாத மூட்டுகள் இறுகும். இடுப்பு மூட்டு விலகவும் கூடும். மூளையின் காயம் பெருகுவதில்லை. ஆனால் கவனிக்காத உடல் கெட்டுப்போகும்.

இதற்கு விலையுயர்ந்த கருவி எப்போதும் தேவைப்படாது. பிசியோதெரபி சிகிச்சையாளர் பிள்ளையைப் பார்த்து அளவு சொன்னால், தோட்டத்துத் தச்சரே கதிரை செய்து தரலாம். இடுப்பு பின்பலகையோடு ஒட்டியிருக்க வேண்டும். முழங்கால் செங்கோணத்தில் மடிந்து, பாதங்கள் முழுதாகப் பலகையில் பதிய வேண்டும். இருபுறமும் சுருட்டிய கம்பளி தாங்கலாம். முன்னால் ஒரு சிறு மேசை வேண்டும். உடல் நிலையாக நின்றால்தான் கைகளுக்கு விடுதலை கிடைக்கும். பிள்ளை கோப்பையைப் பிடிக்கும், ஆளை நிமிர்ந்து பார்க்கும். ஆனாலும் ஒரே நிலையில் நெடுநேரம் இருத்தக் கூடாது. விறைத்த காலைப் பலவந்தமாக இழுக்கவும் கூடாது.

படுத்திருக்கும் பிள்ளைக்குச் சோறூட்டுவது ஆபத்து. உணவு மூச்சுக்குழலுக்குள் போகும். நிமிர்த்தி இருத்தி, நாடியைச் சற்றுத் தாழ்த்தி, சிறிது சிறிதாக ஊட்ட வேண்டும்.

உடல் தடுமாறினால் அறிவும் தடுமாறுமென்று எண்ணுதல் தவறு. வாய் பேச இயலாத பல பிள்ளைகளுக்கு எல்லாம் விளங்கும். ஆகவே அவர்களை லயத்துக்குள் மறைத்து வைக்காமல் பிள்ளை மடுவத்துக்கும் பாடசாலைக்கும் கொண்டுசெல்வோம். தேர்த் திருவிழாவன்று படிக்கட்டில் தூக்கிவர இரண்டு இளைஞர் முன்வந்தால், முன்வரிசையில் அவர்களுக்கும் ஓரிடம் கிடைக்கும்.