வெளிக்கதவுக்கு வர்ணம் எடுக்கப் போகும் தம்பிகளுக்கு

பெயிண்ட் கடையில் கால் வைத்ததும் கலர் அட்டையைத்தான் முதலில் நீட்டுவார்கள். வீட்டுக்காரர்களும் அதைத்தான் கேட்பார்கள். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் அதைக் கடைசியாக விரியுங்கள். கதவு எந்தத் திசை பார்க்கிறது, என்ன மரம், சாரல் எதுவரை வருகிறது, முன்னால் என்ன பூசியிருக்கிறார்கள் என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் நிறத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

1. வாசலில் நின்று வெயிலைப் பாருங்கள். மேற்குப் பார்த்த கதவு பங்குனி தொடங்கி ஆனி வரை பிற்பகல் வெயிலை முழுதாக வாங்கும். கிழக்கும் வடக்கும் பார்த்த கதவுகளுக்கு ஐப்பசி, கார்த்திகையில் காற்றோடு வரும் சாரல்தான் பகை. தெற்கு வாசலில் மார்கழி வெயிலைக் கவனியுங்கள். சூரியன் அப்போது தெற்கே சாய்ந்து போவதால், கோடையில் நிழலாக இருந்த கதவின் மேலும் வெயில் விழும். ஒரே வீட்டின் முன்கதவுக்கும் கொல்லைக் கதவுக்கும் வேறு வேறு பூச்சு தேவைப்படலாம். அப்படிச் சொல்லத் தயங்காதீர்கள்.

2. என்ன மரம் என்று தச்சரிடம் கேளுங்கள். தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. புதிதாக இழைத்த தேக்கின் மேல் நேராக எனாமல் அடித்தால் காய நேரமாகும், பிடிப்பும் குறையும். தின்னரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, அது ஆறிய பிறகு பிரைமர் அடியுங்கள். பைன் போன்ற மரங்களில் கணுவிலிருந்து பிசின் கசிந்து வர்ணத்தைப் பழுப்பாக்கும். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைக் கணுவின் மேல் தடவிக் காயவிட்டு, அப்புறம் பிரைமருக்குப் போங்கள். மரத்தில் ஈரம் இருந்தால் எதையும் அடிக்காதீர்கள். உள்ளே இருக்கும் ஈரம் வெயிலில் ஆவியாகி வெளியே வரப் பார்க்கும், வர்ணம் கொப்பளிக்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பெயிண்டாக இருந்தாலும் இதைத் தடுக்காது.

3. வார்னிஷா, எனாமலா? எல்லா வீட்டிலும் இந்தக் கேள்வி வரும். “இவ்வளவு பணம் கொடுத்துத் தேக்கு வாங்கி, அதை மூடிவிடுவதா?” என்பார்கள். அந்த ஆசை நியாயமானதுதான். ஆனால் வார்னிஷ் கண்ணாடி மாதிரி, வெயிலை உள்ளே விட்டுவிடும். அதில் இருக்கும் புற ஊதாக் கதிர் மரத்தின் மேல்தோலைச் சிதைக்கிறது. அடியில் பிடிமானம் போனதும் வார்னிஷ் செதில் செதிலாக உரிகிறது. எனாமலில் இருக்கும் நிறமி அந்தக் கதிரை மரத்திடம் போகவிடாமல் தடுக்கிறது. அதனால் என் முடிவு இது: ஆழமான திண்ணையோ போர்டிகோவோ இருந்து கதவு நிழலில் நின்றால் வார்னிஷ் அடிக்கலாம். நேர் வெயில் விழும் கதவுக்கு எனாமல்தான். வெளி உபயோகத்துக்கென்றே வரும் பி.யூ. (பாலியூரித்தேன்) பூச்சு வார்னிஷைவிடத் தாங்கும், ஆனால் அதற்கும் சில வருடத்துக்கு ஒருமுறை லேசாகத் தேய்த்து மேல்கோட்டு கொடுக்க வேண்டும். இதை வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அரக்கில் செய்யும் பிரெஞ்சு பாலிஷ் மட்டும் வெளியே வேண்டவே வேண்டாம். தண்ணீர் பட்டால் வெளுத்துவிடும்.

செட்டிநாட்டுப் பக்கம் போனால் பெரிய வீடுகளின் தலைவாசல் கதவுகளை நின்று பாருங்கள். அவை இன்றும் மரநிறத்தோடு இருப்பதற்குப் பர்மாத் தேக்கு ஒரு காரணம். வெயிலும் சாரலும் நேராகப் படாதபடி அவற்றை முகப்புக்கு உள்ளே தள்ளி வைத்தது இன்னொரு காரணம்.

4. பழைய வர்ணத்தைச் சுரண்டும்போது ஜாக்கிரதை. நம் நாட்டில் வீட்டு பெயிண்டில் காரீயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக்கூடாது என்ற சட்டம் 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலில், முக்கியமாக மஞ்சள், பச்சை, சிவப்பு நிறங்களில், காரீயம் நிறைய இருந்திருக்கலாம். அந்தத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கும் ஆகாது. நாள் முழுக்க அதை மூச்சில் இழுக்கும் உங்களுக்கும் ஆகாது. பழைய கதவை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தாள் வாங்குங்கள். தீயால் சுட்டு எடுக்கும் பழக்கத்தை விடுங்கள். கீழே பிளாஸ்டிக் விரித்து, விழுந்ததை எல்லாம் சுருட்டிக் கட்டுங்கள், வாசலில் பெருக்கித் தள்ளாதீர்கள். நல்ல முகமூடி போடுங்கள், கையைக் கழுவாமல் டீ டம்ளரைத் தொடாதீர்கள். வேலை முடிகிறவரை பிள்ளைகள் அந்தப் பக்கம் வராதபடி வீட்டாரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டிய விஷயம் இல்லை இது.

5. சுவருக்கு வாங்கிய பட்டியில் மிச்சம் இருக்கிறதே என்று கதவில் போடாதீர்கள். மரம் விரிந்து சுருங்கும். சிமென்ட் பட்டி அதோடு போகாது, வெடித்துவிடும்.

6. கதவுக்கு ஆறு பக்கம். முன்னும் பின்னும் அடித்துவிட்டுக் கூலி வாங்கிப் போகிறவர்கள்தான் அதிகம். மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் யாரும் பார்ப்பதில்லை. வாசல் தெளிக்கிற தண்ணீரும் கழுவிவிடுகிற தண்ணீரும் கீழ் விளிம்பு வழியாகத்தான் ஏறுகின்றன. மழைக்காலத்தில் கதவு உப்பி நிலையில் இடிப்பதும், அடிப்பலகை உளுத்துப் போவதும் பெரும்பாலும் இதனால்தான். கீலில் மாட்டுவதற்கு முன்பே தச்சரிடம் பேசி, ஆறு பக்கமும் பிரைமர் அடித்துவிடுங்கள். புது வீடு என்றால், நிலை நாட்டும் முன் அதன் முதுகில், சுவரோடு ஒட்டும் பக்கத்தில், தார் பூசுங்கள். பிறகு நினைத்தாலும் முடியாது.

7. வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கிற வீடா என்று அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியானால் நிலையின் கீழ்ப்பகுதிக்கும் படிக்கும் வெள்ளையோ கிரீமோ எடுக்காதீர்கள், கறை தங்கும். வாரா வாரம் ஈரத்துணி படுகிற இடம் என்பதால் அங்கே ஒரு கோட்டு கூடுதலாகவும் வேண்டும். சிலர் மஞ்சள் எனாமலும் சிவப்புப் பொட்டுமாக நிரந்தரமாகவே வரையச் சொல்வார்கள். அது அவர்கள் விருப்பம், நாம் தடுக்க வேண்டாம்.

8. பொங்கலுக்கு முன் முடித்துக் கொடு என்று எல்லோரும் மார்கழியில்தான் கூப்பிடுவார்கள். மார்கழியில் பனி இறங்கும். சாயங்காலம் அடித்த எனாமல் இரவுப் பனியில் பளபளப்பு செத்துப் புகை படிந்தது போலாகிவிடும். காலையில் மரத்தின் ஈரம் காய்ந்த பிறகு தொடங்கி, மதியம் 2 மணிக்குள் பிரஷ்ஷைக் கழுவிவிடுங்கள். ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே ஓர் இரவாவது போகட்டும்.

9. இப்போது கலர் அட்டையை விரிக்கலாம். மேற்குக் கதவுக்குக் கறுப்பும் அடர்ந்த காப்பிக் கலரும் அழகாகத் தெரியும், ஆனால் வெயிலைக் குடித்து மரத்தைக் கொதிக்கவைக்கும். பலகை இணைப்புகளில் கோடு விடும். பளிச்சென்ற சிவப்பு வகைகள் பல வெயிலில் வெளிறிப்போகும். செங்காவி, மண் மஞ்சள், செம்பழுப்பு போன்ற இரும்பு ஆக்சைடு நிறங்கள் வெயிலுக்கு அசையாதவை. தெரியாத வாசலுக்கு நான் அவற்றைத்தான் சொல்வேன். ஒரு பலகைத் துண்டில் அடித்து, அந்த வாசலிலேயே காலையிலும் சாயங்காலத்திலும் வைத்துக் காட்டுங்கள். கடை டியூப்லைட் வெளிச்சத்தில் யாரும் முடிவு செய்ய வேண்டாம்.

10. 7 அடிக்கு 3½ அடிக் கதவு இரண்டு பக்கமும் சேர்த்துச் சுமார் 50 சதுர அடி. இரண்டு கோட்டுக்கு ஒரு லிட்டர் ஏறக்குறையச் சரியாக வரும், நிலைக்குத் தனியாகச் சேர்த்துக் கொள்ளுங்கள். மொத்தத்தையும் ஒரே பேட்ச் நம்பரில் ஒரே நாளில் வாங்குங்கள். மிச்சத்தைச் சிறு டப்பாவில் விளிம்புவரை ஊற்றி இறுக மூடி, ஷேட் நம்பரையும் தேதியையும் மேலே எழுதி வீட்டுக்காரர் கையில் கொடுங்கள். தாழ்ப்பாள் பக்கத்தில்தான் முதலில் சுரண்டும். அங்கே தொட்டுக்கொள்ள அவர்களுக்கு உதவும்.