ரி.வி.யில் பார்த்த மெட்ச்சும் ஆங்கிலப் பேச்சுப் பரீட்சையும்



பசறை, மடுல்சீமை, ஹாலிஎல, ஹப்புத்தளைப் பக்கத் தோட்டங்களில் ஆங்கிலம் எழுதத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். பேசச் சொன்னால்தான் வாயடைத்துப் போகிறார்கள். வெளிநாட்டில் படிக்கவோ தாதித் தொழிலுக்குப் போகவோ ஐ.ஈ.எல்.ரி.எஸ். எழுதுபவர்கள், பரீட்சகர் முன்னால் உட்கார்ந்து பேசியே ஆகவேண்டும். அங்கே வரக்கூடிய தலைப்புகளில் ஒன்று, தொலைக்காட்சியில் பார்த்த விளையாட்டு. இம்முறை அதையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

பரீட்சை எப்படி நடக்கும்?

மொத்தம் 11 முதல் 14 நிமிடம், மூன்று பகுதிகள். முதலாவதில் ஊர், குடும்பம், பொழுதுபோக்கு பற்றிச் சிறு கேள்விகள். இரண்டாவதில் ஒரு அட்டையில் தலைப்பு கிடைக்கும். யோசித்துக் குறிப்பெழுத 1 நிமிடம். பிறகு 1 முதல் 2 நிமிடம் நீங்களே பேசவேண்டும். மூன்றாவதில் அதே விடயத்தையொட்டி அபிப்பிராயம் கேட்பார்கள்.

தடங்கலின்றிப் பேசுதல், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகிய நான்குக்கும் சம அளவில் புள்ளி. கிரிக்கெட் அறிவுக்குப் புள்ளி இல்லை. ஆகவே, "எனக்கு கிரிக்கெட்ட பத்தி என்னா தெரியும்?" என்று யாரும் பின்வாங்க வேண்டாம். என்ன ஆட்டம், எப்போது, யாரோடு பார்த்தீர்கள், ஏன் மனதில் நிற்கிறது என்ற நான்கும் போதும். லயத்தில் நாலு வீட்டார் ஒரு ரி.வி. முன்னால் கூடியதைச் சொன்னாலும் நல்ல விடைதான்.

தமிழர் தடுக்கி விழும் இடங்கள்

1996 மார்ச் 17ஆம் திகதி லாகூரில் நடந்த உலகக் கிண்ண இறுதி ஆட்டத்தை உதாரணமாக எடுப்போம். அவுஸ்திரேலியா 241 ஓட்டங்கள் பெற்றது. இலங்கை 7 விக்கெட்டுகளால் வென்றது. அரவிந்த டி சில்வா 3 விக்கெட்டுகளை எடுத்ததோடு, ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்களும் பெற்றார்.

1. வெல்லுதல்: தமிழில் ஆட்டத்தையும் வெல்லலாம், அவுஸ்திரேலியாவையும் வெல்லலாம். ஆங்கிலத்தில் ஆட்டத்துக்கு 'வொன்', எதிரணிக்கு 'பீட்'. "ஸ்ரீலங்கா வொன் த மெட்ச்" சரி. "ஸ்ரீலங்கா பீட் ஆஸ்ட்ரேலியா" சரி. "வொன் ஆஸ்ட்ரேலியா" பிழை.

2. எடுத்தல்: நாம் ஓட்டமும் எடுக்கிறோம், விக்கெட்டும் எடுக்கிறோம். ஆங்கிலத்தில் ஓட்டத்துக்கு 'ஸ்கோர்ட்', விக்கெட்டுக்கு 'டுக்'.

3. பார்த்தல்: ரி.வி.யில் தொடர்ந்து பார்ப்பதற்கு 'வாட்ச்'. முடிந்துபோன ஆட்டம் என்றால் 'வாட்ச்ட்'. கடைசியில் வரும் அந்தச் சின்ன 'ட்' ஒலியை விழுங்கிவிடாதீர்கள். இறந்தகாலம் அதில்தான் இருக்கிறது.

4. உச்சரிப்பு: 'ஸ்போர்ட்ஸ்' என்பதை 'இஸ்போர்ட்ஸ்' ஆக்கவேண்டாம்.

மாதிரி விடை

தோற்ற ஆட்டமும் பேச உதவும். 2023 செப்டெம்பரில் ஆசியக் கிண்ண இறுதி ஆட்டத்தில் இந்தியாவிடம் இலங்கை 50 ஓட்டங்களுக்குச் சுருண்டதே, அதைப் பற்றி இப்படித் தொடங்கலாம்:

"ஐ வாட்ச்ட் த ஏஷியா கப் ஃபைனல் வித் மை பிரதர். ஸ்ரீலங்கா ஸ்கோர்ட் ஒன்லி ஃபிஃப்டி ரன்ஸ். இந்தியா பீட் ஸ்ரீலங்கா. வீ வெர் வெரி சேட். பட் மை கிரேன்ட்மதர் செட், தே வில் பிளே அகெய்ன்."

அண்ணனோடு பார்த்தேன், இலங்கை 50 ஓட்டங்கள்தான் பெற்றது, இந்தியா வென்றது, கவலைப்பட்டோம், மறுபடியும் விளையாடுவார்கள் என்று பாட்டி சொன்னார் என்பதே பொருள். இதை அப்படியே பாடமாக்க வேண்டாம். பாடமாக்கி ஒப்பிப்பதைப் பரீட்சகர் எளிதில் கண்டுகொள்வார். உங்கள் வீட்டில் நடந்ததை உங்கள் வாயால் சொல்லுங்கள்.

அபிப்பிராயம் கேட்டால்

'மைதானத்தில் பார்ப்பது நல்லதா, ரி.வி.யிலா?' என்று கேட்டால் ஒற்றைச் சொல்லில் நிறுத்தாதீர்கள். 'பிகாஸ்' சேர்த்துக் காரணம் சொல்லுங்கள். பதுளையில் ரயில் ஏறிக் கொழும்பு போய்ச் சேர ஒரு பகல் போய்விடுகிறது. ஒரு நாள் சம்பளமும் போய்விடுகிறது. இதைவிட நல்ல காரணம் வேறென்ன வேண்டும்?

'யாரை முன்மாதிரியாகக் கொள்வீர்கள்?' என்றால் முரளிதரனைச் சொல்லலாம். அவருடைய தாத்தா தேயிலைத் தோட்ட வேலைக்கென்று தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். பேரன் 2010இல் காலியில் தன் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்தார்.

பெற்றோர் செய்யக்கூடியது

"எங்களுக்குத்தான் இங்கிலீசு தெரியாதே" என்று ஒதுங்காதீர்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பிள்ளையை எதிரே உட்காரவைத்து, மணிக்கூட்டைப் பார்த்து 2 நிமிடம் பேசச் சொல்லுங்கள். முதலில் தமிழில் பேசட்டும். பிறகு அதையே ஆங்கிலத்தில் பேசட்டும். நடுவில் நின்றால் "பொறகு என்னா நடந்துச்சு?" என்று கேளுங்கள். பிழைவிட்டால் சிரிக்காதீர்கள். வீட்டில் பேசிப் பழகாத பிள்ளைக்குப் பரீட்சகர் முன்னால் திடீரென்று பேச்சு வராது.

பயிற்சி: இந்த வாரம் ரி.வி.யில் பார்த்த ஒரு ஆட்டத்தைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதுங்கள். பிறகு தாளை மடித்து வைத்துவிட்டு, பார்க்காமல் வீட்டாருக்குச் சொல்லிக் காட்டுங்கள்.